கண் மங்கியதால் வந்த பாஸ்டலா?

கரித்துண்டு: பிரெஞ்சு ஓவியர் ஷார்டன் 1771இல் மூக்குக் கண்ணாடியோடு தன்னையே பாஸ்டலில், அதாவது வண்ணப்பொடிக் குச்சியில், வரைந்த படத்தை ஆளாளுக்குத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறீர்கள். எனக்கென்னவோ அது ஒப்பேற்றல் வேலையாகத்தான் படுகிறது. எண்ணெய் வண்ணத்தில் திருக்கை மீனைத் தீட்டி 1728இல் பாரிஸ் ஓவிய அகாடமிக்குள் நுழைந்த மனுஷன், எழுபது தாண்டிக் கண் மங்கியதும் கலர் சாக்பீஸுக்கு இறங்கிவிட்டார்.

நீலத்தாள்: சாக்பீஸா! அதே குச்சியை வைத்துக்கொண்டுதான் அவர் காலத்து ஓவியர் லா தூர் அரச குடும்பத்தையே வரைந்தார். 1755 சலோனில், அதாவது அகாடமியின் கண்காட்சியில், அவர் வைத்த மதாம் தெ போம்பதூர் (மன்னரின் காதலி) படம் ஆளுயரம், முழுக்கப் பாஸ்டல். இதில் இறக்கம் எங்கே வந்தது?

கரித்துண்டு: லா தூர் விரும்பிப் போனார், இவர் வேறு வழியில்லாமல் போனார். உடம்பு முடியாததால் எண்ணெய் வண்ணத்தை விட்டுப் பாஸ்டலுக்கு வந்ததாக 1778இல் ஒரு கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். நானாகச் சொல்லவில்லை.

நீலத்தாள்: சரி, காரணம் அதுவே என்று வைத்துக்கொள்வோம். அதனால் படம் மட்டமாகிவிடுமா? ஷார்டன் 1775இல் மறுபடி தன்னையே வரைந்த பாஸ்டலைப் பெரிதாக்கிப் பாருங்கள். நெற்றிக்கு மேல் பச்சைக் கண்மறைப்பு, அதன் நிழல் முகத்தில் விழுகிறது. கன்னத்தில் கோடுகளைத் தேய்த்து மழுப்பாமல் அடுத்தடுத்து அப்படியே விட்டிருக்கிறார். தள்ளி நின்றால்தான் அது தோல். கண் தெரியாதவர் கை இப்படிப் போகாது.

மாடிப்படி: நடுவில் ஒன்று. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இந்தப் படங்கள் ஓவியத் துறையில் இல்லை, தாளில் வரைந்தவற்றைக் காக்கும் துறையில்தான் இருக்கின்றன. தாள்மேல் ஒட்டிய பொடி, அதிர்ந்தாலே உதிரும்.

கரித்துண்டு: அதுவும் சரிதான். ஆனால் தலையில் துணிக்கட்டு, கழுத்தில் துண்டு, கண்ணாடி... பரிதாபம் தேடுகிற மாதிரி இல்லையா?

நீலத்தாள்: பரிதாபமா? வேலைக்கு உட்காரும் உடை ஐயா அது! பொய்முடி வைத்துப் பட்டு உடுத்தி உட்கார்ந்திருந்தால் சும்மா இருந்திருப்பீர்களா? 1771 படத்தில் கண்ணாடி மூக்கில் வழுக்கி நிற்கிறது, அதற்கு மேலாக நம்மை எடைபோடுகிறார். சாகும் காலத்தில், 1779 வாக்கில், இன்னொன்று வரைந்தார். படம் வரையும் தாங்கிக்கு முன்னால், கையில் சிவப்புக் குச்சி. அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கரித்துண்டு: பார்த்தேன். அந்தக் குச்சி பிடித்த கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் ஓட்டு திருக்கை மீனுக்கே.