கதையுடைப்பா, முடிச்சவிழ்ப்பா? ஸ்பாய்லருக்கு வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர் (செவ்வாய் காலை)

குழுமத்தாருக்கு வணக்கம்.

வாசகர்கள் மதிப்புரை எழுதும் தளம் ஒன்றின் இடைமுகத்தைத் தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து தமிழாக்கி வருகிறோம். சரங்களெல்லாம் (திரையில் தோன்றும் சொற்றொடர்கள்) ஏறக்குறைய முடிந்துவிட்டன. கதையின் முடிவையோ திருப்பத்தையோ இன்னும் படிக்காதவருக்கு முன்பே சொல்லிவிடுவதைக் குறிக்கும் ‘ஸ்பாய்லர்’ மட்டும் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறது. வெள்ளி இரவு சரங்களைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் சொல் வராவிட்டால் பொத்தானில் ஆங்கிலமே நிற்கும்.

சோதனைப் பக்கத்துக்காக ஒரு ரசிகரின் நீண்ட மதிப்புரையை மொழிபெயர்த்தேன். ‘வீல் ஆஃப் டைம்’ மிகுபுனைவுத் தொடரின் கடைசி நூலைப் பற்றியது. முதல் நூல் 1990இல் வந்தது, பதினான்காவது நூல் 2013இல். நடுவில், 2007இல், ஆசிரியர் ராபர்ட் ஜோர்டன் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று நூல்களை எழுதி முடித்தார். மதிப்புரைக்காரர் பள்ளிப் பருவத்தில் தொடங்கி வேலைக்குப் போன பிறகு முடித்தவர். அழுகையும் கோபமும் நன்றியும் ஒன்றாகக் கலந்து எழுதியிருக்கிறார். ஆனாலும் மற்றவர்மேல் எவ்வளவு அக்கறை! யார் யார் இறக்கிறார்கள் என்பதை ஒரு மறைப்புக்குள் வைத்திருக்கிறார். கடைசிச் சண்டையை இன்னொரு மறைப்புக்குள். இறுதிக் காட்சியில் வரும் ஒரு சின்னப் புதிரைத் தனியாக மூன்றாவது மறைப்புக்குள். அதைச் சொடுக்கினால்தான் தெரியும். அந்தக் காட்சியை ஜோர்டனே இறப்பதற்குமுன் எழுதி வைத்திருந்தார் என்பதால் ரசிகர்களுக்கு அதில் தனி ஒட்டுதல் உண்டு.

எனக்கு வேண்டியது ஒரு பெயர்ச்சொல். அதிலிருந்து வினை வரவேண்டும் (‘எனக்கு ஸ்பாயில் பண்ணாதே’). ‘ஸ்பாய்லர் இல்லாத மதிப்புரை’ என்று சொல்லவும் வளைய வேண்டும். இப்போதைக்கு ‘கதைக்கசிவு’ என்று போட்டிருக்கிறேன். என்ன நினைக்கிறீர்கள்?

அனுப்பியவர்: நூலகர் (செவ்வாய் மதியம்)

கசிவு வேண்டாம். அது வேறு நிகழ்ச்சி. 2007 ஜூலை 21 அன்று ஹாரி பாட்டரின் ஏழாம் நூல் வெளியாவதற்கு முன்பே அதன் பக்கங்களைப் படமெடுத்து இணையத்தில் பரப்பினார்கள். அதுதான் கசிவு. வினாத்தாள் கசிவு என்கிறோமே, அந்தப் பொருள். வெளியான நூலைக் காசு கொடுத்து வாங்கி, இரவோடு இரவாகப் படித்து முடித்து, மறுநாள் நண்பனிடம் முடிவைச் சொல்லிவிடுகிறவர் எதையும் கசியவிடவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் நாளை உண்மையான கசிவு வரும்போது சொல் இருக்காது.

அனுப்பியவர்: புலவர் (செவ்வாய் இரவு)

> நாளை உண்மையான கசிவு வரும்போது சொல் இருக்காது.

அம்மையார் சொல்வது சரி. புதிதாகப் படைக்குமுன் இருப்பதைப் பார்ப்போம். நன்னூல் பாயிரம் முப்பத்திரண்டு உத்தி சொல்கிறது. அவற்றுள் ஒன்று ‘முடிவிடம் கூறல்’. கூறும் முறையிலேயே சொல் கிடைக்கிறதே!

அதே பாயிரத்தில் பத்துக் குற்றமும் உண்டு. மொழிபெயர்க்கும் மகளே, உன் ரசிகரின் கோபம் எதுவென்று அதில் தேடிப் பார். ‘மற்றொன்று விரித்தல்’ என்பது தொடரின் நடு நூல்களுக்கு வரும் நோய். ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்பது கடைசி நூலுக்கு வரும் நோய். தொடங்கும்போது பெரிதாகத் தொடங்கி, போகப் போகச் சுருங்கி, இறுதியில் ஒன்றுமில்லாமல் போவது. பத்துப் பன்னிரண்டு நூல் எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த மூன்று சொல்லைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும்.

அனுப்பியவர்: கல்லூரி மாணவர் (செவ்வாய் இரவு)

ஐயா, நான் அந்தத் தொடரை முழுக்கப் படித்தவன். மற்றொன்று விரித்தல் என்று நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது. பத்தாம் நூலில் கதை நகரவே இல்லை என்பது ரசிகர்களின் பழைய ஆதங்கம். ஆனால் கடைசி நூலைத் தேய்ந்து இறுவது என்று சொல்ல என் மனம் ஒப்பாது. இறுதிப் போரை ஒரே அத்தியாயமாக ஏறத்தாழ 200 பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள். நடுவில் நூலை மூடிவைக்க இடமே தரமாட்டார்கள். அத்தியாயம் முடிந்தால் தூங்கலாம் என்று உட்கார்ந்து விடிந்துவிட்டது. எழுத்து நடை மாறியது தெரியத்தான் செய்கிறது, ஒரு முக்கியப் பாத்திரத்தின் நகைச்சுவை முன்புபோல் இல்லை. ஆனாலும் வேறொருவர் விட்ட கதையை எடுத்து அத்தனை இழையையும் ஒரு கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தவரை நான் நன்றியோடுதான் நினைப்பேன்.

சொல்லுக்கு வருகிறேன். எங்கள் வகுப்பில் எவனாவது முடிவைச் சொல்லிவிட்டால் ‘டேய், போட்டு உடைச்சிட்டியேடா’ என்போம். அதையே வைத்தால் என்ன? போட்டுடைப்பு. அல்லது கதையுடைப்பு.

அனுப்பியவர்: வேர்ச்சொல் ஆர்வலர் (புதன் காலை)

அவசரப்பட வேண்டாம். முதலில் ஆங்கிலச் சொல்லின் வேரைப் பார்ப்போம். ‘ஸ்பாயில்’ என்பதற்கு மூலம் லத்தீனின் ‘ஸ்போலியாரே’. உரித்தெடுத்தல், கொள்ளையிடுதல். அதன் பெயர்ச்சொல் விலங்கிலிருந்து உரித்த தோலையும் போரில் வீழ்ந்தவனிடம் பறித்த படைக்கலத்தையும் குறித்தது. கெட்டுப்போதல் என்னும் பொருள் பின்னால் வந்தது. ஆகவே இந்தச் சொல்லின் அடியில் இருப்பது அழிவு அல்ல, திருட்டு. வாசகருக்கு உரியதை இன்னொருவர் பறித்துக்கொள்கிறார்.

இப்போது தமிழுக்கு வாருங்கள். கதையின் சிக்கலை நாம் ‘முடிச்சு’ என்கிறோம். முடிச்சை அவிழ்ப்பவன் ‘முடிச்சவிழ்க்கி’. அகராதியில் அதற்கு என்ன பொருள்? திருடன்! அந்தக் காலத்தில் பணத்தை முந்தியிலும் துணி முனையிலும் முடிந்து வைத்தார்கள், அதை நைசாக அவிழ்த்துக்கொண்டு போனவன் முடிச்சவிழ்க்கி. பிறர் முடிச்சை அவரறியாமல் அவிழ்ப்பவன். லத்தீனும் தமிழும் வந்து நிற்கும் இடத்தைப் பாருங்கள். சிலிர்க்கிறது எனக்கு.

என் பரிந்துரை: முடிச்சவிழ்ப்பு. செய்பவர் முடிச்சவிழ்க்கி.

அனுப்பியவர்: நூலகர் (புதன் காலை)

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் முடிச்சை அவிழ்ப்பது கதாசிரியரின் வேலையும் அல்லவா? ‘கடைசி அத்தியாயத்தில் முடிச்சவிழ்கிறது’ என்று எத்தனை மதிப்புரையில் படித்திருக்கிறோம்! ஆசிரியர் செய்தால் கலை, வாசகர் செய்தால் குற்றம் என்று ஒரே சொல் இரண்டையும் சுமக்க முடியாது. தவிர, முடிச்சவிழ்க்கி என்பது பேச்சில் இன்னும் வசவுதான். உற்சாகத்தில் ஒரு வரி அதிகமாக எழுதிவிட்ட பதினைந்து வயதுப் பிள்ளையைத் தளம் அந்தச் சொல்லால் அழைப்பதா?

புலவர் ஐயாவுக்கும் ஒன்று. முடிவிடம் கூறல் என்பது ‘இதற்கான முடிவு இன்ன இடத்தில் இருக்கிறது’ என்று இடத்தைச் சுட்டும் உத்தி. முடிவைச் சொல்லிவிடும் உத்தி அன்று. அதைப் பொத்தானில் வைத்தால் இலக்கணம் தெரிந்தவர் பக்க எண்ணை எதிர்பார்ப்பார், தெரியாதவர் பேருந்து நிலையத்தை நினைப்பார்.

அனுப்பியவர்: புலவர் (புதன் மாலை)

ஏற்கிறேன். உத்தியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கதையுடைப்பை ஏற்க மாட்டேன்.

நம் மரபில் முடிவைச் சொன்னால் கதை உடைந்ததா? சிலப்பதிகாரத்தின் பதிகம் என்ன செய்கிறது? கோவலன் கொலையுண்டதையும் பாண்டியன் வீழ்ந்ததையும் முதலிலேயே சொல்லிவிட்டு, ‘ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்’ என்று காரணத்தையும் வைத்துவிட்டுத்தான் மங்கல வாழ்த்துக்கே போகிறது. கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தன் கனவைச் சொல்லும்போது மறுபடியும் சொல்கிறது. இத்தனைக்குப் பிறகும் வழக்குரை காதை வரும்போது நெஞ்சு பதறுகிறதா இல்லையா? எது உடைந்தது? தெரிந்த கதையை எப்படிச் சொல்கிறான் என்று பார்க்க வந்தவர்கள் நம் மக்கள். உடைப்பு என்று பெயர் வைத்தால் வேறோர் ஊரின் அச்சத்தைத் தமிழின் தலையில் ஏற்றுகிறோம். ‘முன்சொல்’ என்று நடுநிலையாக வையுங்கள்.

அனுப்பியவர்: நூலகர் (புதன் இரவு)

ஐயா கருத்துக்கு ஆய்வுத் துணையும் இருக்கிறது. 2011இல் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் சிறுகதைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவு முன்பே தெரிந்தவர்கள் கதையைச் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள் என்று வந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் சில இதற்கு மாறாகவும் சொல்லின.

ஆனால் அது ஒரே அமர்வில் படித்து முடிக்கும் சிறுகதை. இருபது ஆண்டு கூடவே வளர்ந்த பாத்திரம் பிழைக்குமா என்று காத்திருப்பவரின் நிலை வேறு. கண்ணகி கதை கேட்டவர்களுக்கு முன்பே தெரிந்த கதை. இது எழுதியவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாத கதை.

அனுப்பியவர்: கல்லூரி மாணவர் (புதன் இரவு)

அதேதான் நானும் சொல்ல வந்தேன். பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 முதல் 1954 வரை கல்கியில் வாரம் வாரம் வந்தபோது படித்தவர்களுக்கு ஐந்தாம் பாகத்தில் மகுடம் யார் தலையில்

அனுப்பியவர்: நிரலர் (புதன் இரவு)

> மகுடம் யார் தலையில்

தம்பி, நல்லவேளையாக மடல் பாதியில் போய்விட்டது. நான் நான்காம் பாகத்தில் இருக்கிறேன். வரலாறு தெரியாதா என்று யாரும் கேட்க வேண்டாம். வரலாறு வேறு, அவர் அங்கே எப்படிக் கொண்டுபோகிறார் என்பது வேறு.

அனுப்பியவர்: கல்லூரி மாணவர் (புதன் இரவு)

மன்னியுங்கள் அண்ணா. முடிவைத் தொடாமலே சொல்கிறேன். திடீரென்று முடித்துவிட்டீர்களே, இன்னார் என்ன ஆனார், அன்னார் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டு, கல்கி முடிவுரையில் பதில் எழுத வேண்டியிருந்தது. கடைசி நூலோடு ரசிகர்கள் மல்லுக்கு நிற்பது நமக்குப் புதிதில்லை, வேறோர் ஊரின் அச்சமும் இல்லை. காத்திருந்தவர்களுக்கு உடைவது கதை இல்லைதான், காத்திருப்பு. ஆனாலும் வாயில் வருவது ‘போட்டு உடைச்சிட்டான்’ என்றுதான்.

அனுப்பியவர்: வேர்ச்சொல் ஆர்வலர் (வியாழன் காலை)

உடைப்பு என்றால் ஏரியும் வாய்க்காலும் உடைப்பெடுப்பது. கதை உடைப்பெடுத்து ஓடுகிறதா? குட்டு உடைந்தது என்பதும் கள்ளத்தனம் வெளிப்படுவதையே குறிக்கும். ‘முன்சொல்’ என்பதோ முன்னுரைக்கும் முன்கூற்றுக்கும் நடுவே தொலைந்துபோகும். என் முடிச்சவிழ்ப்பில் மட்டுமே பொருள் செறிவாக நிற்கிறது. கடைசிக் காட்சியின் புதிரைத் தனியே மறைத்தாராமே அந்த ரசிகர், அவர் மறைத்தது முடிச்சைத்தானே?

அனுப்பியவர்: நிரலர் (வியாழன் மாலை)

எல்லாவற்றையும் கைப்பேசித் திரையில் போட்டுப் பார்த்தேன். ‘முடிச்சவிழ்ப்பைக் காட்டு’ இரண்டு வரியாக மடிகிறது, ‘ழ்ப்’ நடுவில் வெட்டுப்படுகிறது. ‘கதையுடைப்பைக் காட்டு’ ஒரே வரியில் நிற்கிறது. ‘முன்சொல்’ இடத்தைப் பொறுத்தவரை மிக வசதி. ஆனால் எங்கள் குழுவில் நால்வரிடம் காட்டினேன், நால்வரும் முன்னுரை திறக்கும் என்று நினைத்தே சொடுக்கினார்கள். இந்தப் பொத்தான் செய்யக்கூடிய மிகப் பெரிய தீங்கு அதுதான். ‘ஸ்பாய்லர்’ என்று தமிழ் எழுத்தில் வைத்தால் எல்லோருக்கும் புரிகிறது, அதையும் பதிவு செய்கிறேன்.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர் (வெள்ளி மாலை)

இதுவரை கருத்துச் சொன்னவர்களில் கூடுதலானோர் கதையுடைப்பு பக்கம். இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் இன்னும் நல்ல சொல் வரலாம், ஆனால் பூட்டுவதற்கு ஐந்து மணி நேரம்தான் இருக்கிறது. முன்சொல்லை எனக்கு மிகவும் பிடித்தது ஐயா. ஆனால் ஒருவர் முன்னுரை என்று எண்ணிச் சொடுக்கி, இருபது ஆண்டுக் காத்திருப்பு ஒரு நொடியில் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பொத்தானில்: ‘கதையுடைப்பைக் காட்டு’. எச்சரிக்கையில்: ‘இம்மதிப்புரையில் கதையுடைப்பு உண்டு’. வினைக்கு: ‘கதையை உடைக்காதீர்கள்’. மற்றதற்கு ‘கதையுடைப்பற்ற மதிப்புரை’ என்று போடலாமா?

அனுப்பியவர்: புலவர் (வெள்ளி இரவு)

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், கருத்து மாறவில்லை. சிலம்பைப் படித்தவன் ‘உடைப்பு’ என்று எழுதமாட்டான். கலைச்சொல் பட்டியலில் முன்சொல், முடிச்சவிழ்ப்பு இரண்டையும் மாற்றுச்சொற்களாகச் சேர்த்துவிடம்மா, அடுத்த பதிப்பில் பேசிக்கொள்வோம். ‘கதையுடைப்பற்ற’ வேண்டாம். ‘உடைப்பு அற்ற’ என்றா ‘உடை பற்ற’ என்றா பிரிப்பது என்று கண் தடுமாறும். ‘கதையுடைப்பில்லா மதிப்புரை’ என்று போடு.

அனுப்பியவர்: வேர்ச்சொல் ஆர்வலர் (வெள்ளி இரவு)

‘இல்லா’ என்று வந்தால் அடுத்துவரும் வல்லினம் மிகும். ‘மதிப்புரை’க்குச் சிக்கலில்லை, ‘கதையுடைப்பில்லாக் கட்டுரை’ என்று வரும் சரத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. பூட்டுமுன் பார்த்துவிடுங்கள்.