நிறுவன மாற்றம் பற்றிய வகுப்பறை சிமுலேஷன்: யோசனை வேண்டும்

வணக்கம். நிறுவன வடிவமைப்பும் மாற்றமும் பாடம் எடுக்கிறேன். வகுப்பையே ஒரு கம்பெனியாக்கி, முதல் சுற்றில் உற்பத்தி, விற்பனை, கணக்கு என்று துறைவாரியாகப் பிரிக்கிறோம். ஆர்டர்கள் நடுவில் தேங்கும், ஒருவர்மேல் ஒருவர் பழி போடுவார்கள். அந்த எரிச்சலே நல்ல பாடம். அடுத்த சுற்றில் வாடிக்கையாளர்வாரியாகக் குழுக்களை மாற்றச் சொன்னால், மறுபேச்சில்லாமல் மாறிவிடுகிறார்கள். சிக்கலே இங்குதான். நிஜத்தில் பதவி போகும், பழகிய ஆட்கள் பிரிவார்கள், எதிர்ப்பு கிளம்பும். உளவியலாளர் குர்ட் லெவின் 1947இல் எழுதிய, மாற்றத்தின் மூன்று படிகளில் முதலாவது, உறைநிலையைக் கலைப்பது (பழகிய நிலையின் பிடியைத் தளர்த்துவது), இங்கே நடக்கவே இல்லை. நடிக்கச் சொல்லாமல், அந்த இழப்பை உண்மையிலேயே உணரவைப்பது எப்படி? மதிப்பெண்ணைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்புறம், ஆட்டம் முடிந்தபின் கலந்துரையாடலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறீர்கள்? நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.