உதவி: பிஎஃப் செலான் ஃபைலில் இருக்கிறது, பணம் மட்டும் போய்ச் சேரவில்லை

கல்லிடை அப்பளக்காரர் | 21 ஜூன் 2025

வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் அப்பா தொடங்கிய அப்பளக் கம்பெனியை மூன்று வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். மஸ்டரில் 26 பேர், பெரும்பாலும் பெண்கள். சம்பளம் ஆளுக்கு ஏறக்குறைய 10,000. அதில் பிஎஃப் பிடித்தம் 1,200.

பிஎஃப் வேலையை அப்பா காலத்திலிருந்தே ஒரு கன்சல்டன்ட்தான் பார்க்கிறார். பிடித்ததோடு எங்கள் பங்கையும் சேர்த்து மாதம் 65,000 அவர் கணக்குக்கு அனுப்புவேன், அவர் செலானை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பிரின்ட் எடுத்து ஃபைலில் போடுவேன். போன வாரம் மாவு பிசைகிற அக்கா ஒருவர், மகள் காலேஜ் ஃபீஸுக்கு அட்வான்ஸ் எடுக்க பாஸ்புக்கைப் பார்த்திருக்கிறார். ஜூலை 2024-க்குப் பிறகு ஒரு வரவும் இல்லை. ஃபோனை என் மேசையில் வைத்து, "இதுல ஒண்ணுமே ஏறலையே தம்பி" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஆகஸ்ட் முதல் மே வரை பத்து மாதம். கன்சல்டன்ட் ஃபோனை எடுப்பதில்லை. போர்ட்டல் பாஸ்வேர்டும் அவரிடம், பதிவு செய்த மொபைல் எண்ணும் அவருடையது. பணத்தை நான் கொடுத்துவிட்டேனே, இது அவர் குற்றம்தானே? அபராதத்தைக் குறைக்க வழி உண்டா? இன்னொரு சந்தேகம்: மாவை வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் அப்பளம் இட்டுத் தரும் 14 பேரை நாங்கள் கணக்கில் சேர்த்ததே இல்லை. அது சரியா?

விகேபுரம் ராஜா | 21 ஜூன்

அண்ணாச்சி, 20 பேருக்குக் கீழே போனால் பிஎஃப் கிடையாது. ஏழு பேரை வேறு பெயரில் காட்டிவிட்டு 19 ஆக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பேசிக்கைக் குறைத்து அலவன்ஸாகக் காட்டலாம்.

பாளை கணக்கர் | 21 ஜூன்

ராஜா தம்பி, இரண்டுமே தப்பு. 1952-ஆம் வருடத்து பிஎஃப் சட்டத்தில் ஒருமுறை உள்ளே வந்த நிறுவனம், ஆள் குறைந்தாலும் வெளியே போக முடியாது. எல்லாருக்கும் ஒரேபோலக் கொடுக்கும் அலவன்ஸும் பிஎஃப் கணக்கில் சேரும் என்று விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் 28 பிப்ரவரி 2019 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. இதை நம்பி யாரும் இறங்கிவிட வேண்டாம்.

கல்லிடைத் தம்பிக்கு வருகிறேன். 30 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன், இந்த மாதிரி நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் அந்த செலானை எடுத்துப் பாருங்கள். செலான் போட்டதும் டிஆர்ஆர்என் என்று ஒரு எண் வந்துவிடும். பணம் கட்டாவிட்டாலும் அந்தத் தாள் பிரின்ட் ஆகும். பிஎஃப் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கட்டியதா இல்லையா என்று தெரியும். லாகின் தேவையில்லை. நிறுவனத்தின் பெயரைத் தேடினால் எந்த மாதத்துக்கு, என்று, எவ்வளவு வந்தது என்ற பட்டியலே கிடைக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பத்து மாதத்தில் ஒருமுறை பார்த்திருந்தால் போதும். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, இனி மாதாமாதம் 16-ஆம் தேதி இதைச் செய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பொறுப்பு உங்களுடையதுதான். கன்சல்டன்ட் மேல் போலீஸில் புகார் கொடுங்கள், பணம் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மென்டை இணையுங்கள். ஆனால் அந்த எஃப்ஐஆரைக் காட்டி பிஎஃப் பாக்கியிலிருந்து தப்ப முடியாது. சம்பளத்தில் பிடித்த 1,200-ஐ உங்களிடம் நம்பி ஒப்படைத்த பணமாகவே குற்றச் சட்டம் பார்க்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 405-ஆம் பிரிவின் விளக்கத்தில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 316-இல் இருக்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை என்ற வாதமும் அபராதத்துக்கு எடுபடாது. குடகில் கோணிக்கொப்பல் தோட்டக்கலை நிலைய வழக்கில், பிஎஃப் சட்டம் 14பி பிரிவின் தாமத அபராதத்துக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை என்று 2022-இல் தீர்ப்பு வந்துவிட்டது.

கணக்கைப் பார்ப்போம். மாதம் 65,000 வீதம் பத்து மாதம் 6,50,000. ஒவ்வொரு மாதப் பணத்தையும் அடுத்த மாதம் 15-க்குள் கட்டியிருக்க வேண்டும். ஜூன் கடைசியில் கட்டினால் ஆகஸ்ட் பணத்துக்கு ஒன்பதரை மாதத் தாமதம், மே பணத்துக்கு அரை மாதம். சராசரி ஐந்து மாதம். அதே சட்டத்தின் 7க்யூ பிரிவில் வரும் தாமத வட்டி வருடத்துக்கு 12 சதவீதம், அதில் சுமார் 32,500. 14பி அபராதம் ஜூன் 2024 முதல் மாதத்துக்கு 1 சதவீதம், அதில் இன்னொரு 32,500. பழைய விகிதமாக இருந்தால் ஆறு மாதம் தாண்டியதற்கு வருடத்துக்கு 25 சதவீதம் வந்திருக்கும். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் சுமார் 13,000 கூடும். நோட்டீஸ் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

யாரும் சொல்லாத அடி ஒன்று வருமான வரியில் இருக்கிறது. தொழிலாளியிடம் பிடித்த பங்கைக் கெடு தாண்டிக் கட்டினால் அதைச் செலவாகக் காட்ட முடியாது. செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அக்டோபர் 2022-இல் சொன்னது. உங்களுக்கு 2024-25-இல் எட்டு மாதம், சுமார் 2.5 லட்சம் வருமானமாகச் சேரும். முதலாளி பங்கை ரிட்டர்ன் கெடுவுக்குள் கட்டினால் அது செலவாகும். ஆடிட்டரிடம் இன்றே பேசுங்கள்.

வீட்டில் இடும் பெண்கள் விஷயத்தை, வீட்டில் பீடி சுற்றும் முக்கூடல் பக்கத்து ஆள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

முக்கூடல் மகள் | 22 ஜூன்

நான் சொல்கிறேன். அம்மா 24 வருடம் வீட்டில் பீடி சுற்றினாள். இலையும் தூளும் கடையிலிருந்து வரும், சுற்றிய பீடியைக் கடையில் எண்ணி வாங்குவார்கள், சரியில்லாததைக் கழித்துவிடுவார்கள். அந்தக் கழிப்பதையே உச்ச நீதிமன்றம் பிடித்துக்கொண்டது. 1985-இல் பி.எம். பட்டேல் வழக்கில், சரக்கைத் தள்ளுபடி செய்யும் உரிமை இருக்கிறதே, அதுவே கட்டுப்பாடு, ஆகவே வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளிதான் என்றார்கள். உங்கள் மாவு, உங்கள் அளவு, உடைந்ததைக் கழிப்பதும் நீங்கள். அப்பளத்துக்கு அதே தீர்ப்பு வரிக்கு வரி பொருந்துமா என்பதை வக்கீலிடம் கேளுங்கள். ஆனால் சேர்க்கவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

அம்மா பிஎஃப் சீட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசி டின்னுக்குள் வைத்திருப்பாள். கட்டிலுக்கடியில் வைத்தால் எலி கடித்துவிடும் என்று பயம். என் பி.எட். ஃபீஸ் அதிலிருந்துதான் வந்தது. அதனால் ஒன்று கேட்கிறேன், உங்கள் 26 பேரிடமும் சொல்லிவிட்டீர்களா? வெளியிலிருந்து தெரிய வருவதற்கு முன்னால் நீங்களே சொல்லுங்கள் அண்ணா.

அம்பைக்காரன் கலிபோர்னியாவில் | 22 ஜூன்

இங்கே ஒரு கம்பெனியில் எச்ஆர். அமெரிக்காவில் இதற்கு எரிசா என்ற 1974-ஆம் வருடத்து ஓய்வுத் திட்டச் சட்டம். பிடித்த பணத்தைக் கம்பெனிப் பணத்திலிருந்து பிரிக்க முடிந்த உடனே திட்டத்தில் போட்டுவிட வேண்டும், கடைசிக் கெடு அடுத்த மாதத்தின் 15-ஆவது வேலை நாள். 100 பேருக்குக் குறைவான திட்டம் என்றால் ஏழு வேலை நாளுக்குள் போட்டால் கேள்வி வராது.

எங்களுக்குப் பயிற்சியில் எடிசன் என்ற மின்சாரக் கம்பெனி மீதான வழக்கை வைத்துத்தான் ஆரம்பிப்பார்கள். ஓய்வுத் திட்டத்தில் அதே ஃபண்டு குறைந்த கட்டணத்தில் கிடைக்கும்போது, சில்லறை விலைக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று 2007-இல் தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1999-இல் சேர்த்த ஃபண்டுக்கு இப்போது கேட்க முடியாது, ஆறு வருடம் தாண்டிவிட்டது என்றது கம்பெனி. சேர்த்ததோடு கடமை முடியவில்லை, தொடர்ந்து கண்காணிப்பதும் கடமை என்று 2015 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஆள் வைத்துப் பார்க்கச் சொன்னாலும், அந்த ஆளைப் பார்ப்பது முதலாளி வேலை. அதனால் இங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து என்ன பார்த்தோம், ஏன் இதை வைத்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள்.

பாளை கணக்கர் | 22 ஜூன்

நல்லது தம்பி. பாஸ்வேர்டு விஷயத்துக்கு: பிஎஃப் ஆபீஸில் நேரில் கடிதம் கொடுத்து மொபைல் எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாதாமாதம் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் குறைகேட்பு முகாம் நடக்கிறது, இந்த மாதம் வெள்ளிக்கிழமை. தவணை கேட்பதானால் உங்கள் பங்குக்குக் கேளுங்கள். தொழிலாளர்களிடம் பிடித்ததை முழுதாகக் கட்டிவிட்டுப் போய் நில்லுங்கள்.

கல்லிடை அப்பளக்காரர் | 5 ஜூலை

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னேன். யாரும் சத்தம் போடவில்லை. ஒரு பாட்டி மட்டும், "உங்க அப்பா இருந்தா இப்படி ஆகியிருக்குமா" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. முகாமுக்குப் போனேன், எண் மாறிவிட்டது. நகையை வைத்து, பழைய மாதத்திலிருந்து வரிசையாக ஏழு மாதம் கட்டியாயிற்று. மீதி மூன்றும் இந்த மாதத்துக்குள். புகாரும் கொடுத்துவிட்டேன். வீட்டில் இடும் 14 பேர் பற்றி வக்கீலைத் திங்கட்கிழமை பார்க்கிறேன்.

டிஆர்ஆர்என் நிலையைப் பிரின்ட் எடுத்து மாவு எடை போடும் தராசுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு மூன்று பேர் தங்கள் பெயர் ஆதாரில் வேறு மாதிரி இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒருவருக்குப் பிறந்த வருடமே மாறியிருக்கிறது. இதைத் திருத்த, ஜாயின்ட் டிக்ளரேஷன் என்ற திருத்த விண்ணப்பத்தை அவர்கள் லாகினில் போட வேண்டுமா, என் லாகினிலா?

பாளை கணக்கர் | 5 ஜூலை

அவர்கள் லாகினில் ஆரம்பித்துப் பாருங்கள், உங்கள் ஒப்புதல் கேட்டால் உங்கள் லாகினுக்கு வரும். பிறந்த வருடத்துக்குச் சான்று கேட்கும், பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.