சமச்சீரா, சமவேகமா? எஸ்.எச்.டி.எஸ்.எல். சொற்கள் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நாம் தமிழில் எழுதிவரும் கையேட்டு வரைவில் எஸ்.எச்.டி.எஸ்.எல். பெட்டிக்கு, அதாவது தொலைபேசிச் செம்புக் கம்பியில் இரு திசைக்கும் ஒரே வேகத்தில் தரவு அனுப்பும் மோடத்துக்குச் "சமச்சீர் மோடம்" என்றே வைத்துவிடலாம் என்று பலரும் ஒப்புதல் தந்திருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேரளத்துப் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓர் அரிசி ஆலை. முன்வாசல் அலுவலகத்துக்கும் பின்னாலிருக்கும் எடைமேடைக்கும் நடுவே, இன்டர்காமுக்காகப் போட்ட பழைய செம்புக் கம்பி ஒரு ஜோடி சும்மா கிடந்தது. அதன் இரண்டு கோடியிலும் பெட்டி வைத்து, எடைச்சீட்டையும் கேமராப் படத்தையும் அலுவலகத்துக்குக் கொண்டுவர வேண்டும். கூட வந்த தம்பியிடம் நம் வரைவை அச்செடுத்துக் கொடுத்திருந்தேன். அவர் இரண்டு பெட்டியிலும் எல்லாவற்றையும் ஒன்றுபோல வைத்துவிட்டார். விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது, நிலைக்கவில்லை. "சமச்சீர்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானேண்ணா வைக்கணும்?" என்றார். நியாயமான கேள்வி. அந்தச் சொல்லைப் படிக்கும் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

இங்கே சமமாக இருப்பது வேகம் மட்டும்தான். அதே செம்புக் கம்பியில் இரு திசைக்கும் வெவ்வேறு வேகம் தருவது ஏ.டி.எஸ்.எல். அதன் 2 பிளஸ் வகையில் இறக்கம் (டவுன்லோட்) நொடிக்கு 24 மெகாபிட் வரை போகும். வழக்கமான அமைப்பில் ஏற்றம் (அப்லோட்) ஒன்றரை மெகாபிட்டைத் தாண்டாது. 2001-இல் எஸ்.எச்.டி.எஸ்.எல்.லுக்காக வந்த ஜி.991.2 தரம், ஒரு ஜோடிக் கம்பியில் இரு திசைக்கும் 2.3 மெகாபிட் வரை கொடுத்தது. 2003-இல் வந்த திருத்தம் அதை 5.7 வரை உயர்த்தியது. எடைமேடை மாதிரி, அனுப்புவதே முதல் வேலையாக உள்ள இடத்துக்கு இதுதான் தோது. (பேச்சுக்குரிய தாழ்ந்த அலைவரிசையையும் இதுவே எடுத்துக்கொள்ளும். அந்த ஜோடியில் போனும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.)

ஆகவே என் பரிந்துரை "சமவேக இணைப்பு", "சமவேக மோடம்". ஏ.டி.எஸ்.எல்.லுக்கு "வேறுவேக இணைப்பு". 2010-க்குப் பிறகு சமச்சீர் என்றாலே தமிழ்நாட்டில் பாடப்புத்தகம்தான் நினைவுக்கு வருகிறது, அது இன்னொரு தொல்லை. சமம், வேகம் இரண்டும் மலையாளத்திலும் புழங்குவதால், எங்கள் பக்கம் மலையாளம் வழி படித்த பிள்ளைகளுக்கும் விளக்கம் தேவைப்படாது.

அப்புறம், இரண்டு முனைகளின் பெயர். ஒரு பெட்டியை நிலையப் பக்கமாகவும் மற்றதைப் பயனர் பக்கமாகவும் அமைத்தால்தான் இணைப்பு எழும். வரைவிலுள்ள "நிலைய முனை" தொலைபேசி நிலையம் இருக்கும் இடத்துக்குச் சரி. அரிசி ஆலையில் நிலையம் ஏது? சித்தூர் தாலுகாவில் ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறையிலிருந்து வாய்க்காலில் இறங்குகிறது. தலைமடை, கடைமடை என்றால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே போக்கில் "தலைமுனை", "கடைமுனை" என்று வைக்கலாமே. இரு பெட்டியும் ஒரே தாளத்தில் ஓடுவதற்கான காலத்துடிப்பு (கிளாக்) தலைமுனையிலிருந்து வருகிறது, கடைமுனை அதைப் பின்பற்றுகிறது. வேலை நடக்கும் விதத்துக்கும் பெயர் பொருந்துகிறது.

அமைப்புப் பக்கத்தில் எது தலைமுனை, எது கடைமுனை என்பதை மட்டும் எதிரெதிராக வைக்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் போடுங்கள். தரத்தின் வகை (அனெக்ஸ்) ஏ-வா பி-யா, ஜோடி எத்தனை, வேகத்தை நிலையாக வைக்கிறோமா தானாக விடுகிறோமா என்பதெல்லாம் இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். "ஜோடி" அப்படியே இருக்கட்டும். "இணை" என்று மாற்றினால் இணைப்பு, இணையம் எல்லாவற்றோடும் குழம்பும்.

பெட்டிகள் ஒன்றையொன்று சோதித்து வேகத்தை முடிவுசெய்யும் கட்டத்துக்குப் "பயிற்சி" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே யாரும் எதையும் பழகவில்லை. "இசைவு" எனலாம். விளக்கு சிமிட்டினால் இசைந்துகொண்டிருக்கிறது, நின்று எரிந்தால் இசைந்துவிட்டது.

எனக்கு இன்னும் பிடிபடாதது "இரைச்சல் விளிம்பு" (நாய்ஸ் மார்ஜின்) என்ற சொல். பலர் 6 டெசிபல் என்று வைக்கும் அளவு அது. மழைக்காலத்தில் பழைய இணைப்புமுடிச்சில் ஈரம் இறங்கி இரைச்சல் கூடும்போது, இணைப்பு அறுந்துவிடாமல் தாங்குவதற்காகக் கையிருப்பாக விடுவது. விளிம்பு என்றால் ஓரம் என்றுதான் படுகிறது, இருப்பு என்ற பொருள் வரவில்லை. "இரைச்சல் தாங்கிருப்பு" என்று எழுதிப் பார்த்தேன், வாயில் புரளவில்லை. களத்தில் வேலை பார்க்கும் நண்பர்கள் இதை என்ன சொல்லிப் புழங்குகிறீர்கள் என்று எழுதுங்கள்.