31ஆம் நாள் நினைவு மலர்: திதி வெண்பாவும் அச்சு வேலையும்

கேள்வி (புலம்பெயர்ந்தவள்):
அம்மா ரொறன்ரோவில் 23.01.2026 இரவு 8 மணிக்குக் காலமானார். 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டி 22.02 ஞாயிறு. அன்று கொடுக்க 200 பிரதி மலர் அடிக்க வேண்டும். யாழ்ப்பாண நாட்காட்டியில் 23ஆம் திகதிக்குப் பஞ்சமி என்றிருக்கிறது. திதி வெண்பாவில் (இறந்த ஆண்டு, மாதம், திதியைச் சொல்லும் நாலடிப் பாட்டு) அதையே போடலாமா? மலரில் வேறு என்னென்ன வர வேண்டும்?

நல்லூரான்:
பஞ்சமி போட வேண்டாம். திதி முடியும் கணம் உலகெங்கும் ஒன்றுதான், கடிகாரம்தான் வேறு. குளிர்காலத்தில் ரொறன்ரோ நேரத்தோடு பத்தரை மணி கூட்டினால் இலங்கை நேரம் வரும். அப்படியானால் அம்மா காலமானது 24ஆம் திகதி காலை 6.30. கிரகங்களின் உண்மை நிலையைக் கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி பஞ்சமி அன்று அதிகாலை 2 மணிக்கு முன்பே முடிந்துவிட்டது. ஆகவே விசுவாவசு வருடம், தை மாதம், வளர்பிறைச் சஷ்டி. பழைய சூத்திரங்களைக் கொண்டு கணிக்கும் வாக்கிய பஞ்சாங்கம் சில மணி நேரம் வேறுபடும். உங்கள் குடும்பம் எதைப் பின்பற்றுகிறதோ அதை ஐயரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள், ஏனென்றால் ஆண்டுத் திவசம் இந்தத் திதியைப் பிடித்துத்தான் வரும். 31ஆம் நாளை மட்டும் அங்குள்ள திகதிப்படி, இறந்த நாளையும் சேர்த்து எண்ணுங்கள். 22.02 சரி.

யாப்புப்பித்தன்:
ஆண்டின் பெயரிலேயே வெண்பா இடறும். அடியின் ஒவ்வொரு துண்டும் ஒரு சீர், சீர் அசைகளால் ஆனது. புள்ளி எழுத்தை விட்டு எண்ணினால் ஓரெழுத்து அசை நேர், ஈரெழுத்து அசை நிரை. 'விசுவாவசு' ஒரே சீராக நின்றால் நிரை நேர் நிரை, இந்த வாய்பாட்டுக்குப் பெயர் புளிமாங்கனி. வெண்பாவில் கனிச்சீர் (நிரையில் முடியும் மூவசைச் சீர்) வரவே கூடாது. பிரித்துப் போடுங்கள்:

ஆண்டு விசுவா வசுவில் வளர்பிறை

தேமா, புளிமா, புளிமா, கருவிளம். மாவில் முடியும் சீரை அடுத்து நிரை வந்திருக்கிறது, தளை (சீர்களுக்கிடையிலான இணைப்பு) தட்டவில்லை. கடைசிச் சீர் விளம் என்பதால் அடுத்த அடி நேரசையில் தொடங்க வேண்டும். 'ஆண்டு'க்கு எதுகையாகப் 'பூண்ட', 'வேண்டி' போன்றவை பொருந்தும். சஷ்டியைச் 'சட்டி' என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வாசிப்பவருக்கு அடுப்படி ஞாபகம் வரும், 'ஆறாம் திதி' என்று சுற்றிச் சொல்வது நல்லது.

ஈற்றடி மூன்றே சீர். பலர் 'ஈசன் தாள்' என்று முடிக்கிறார்கள். தேமாவுக்குப் பின் நேர் வருவதால் அங்கே தளை தட்டும். 'சங்கரன் தாள்' என்றால் விளத்தை அடுத்து நேர், சரியாகிவிடும். பெயரை வெண்பாவுக்குள் திணிக்க வேண்டாம். வம்பான பெயராக இருந்தால் மேலே தலைப்பில் போடுங்கள், போதும்.

அச்சுக்கோப்பவர்:
ஏ5 அளவு, நடுவில் கம்பி அடிக்கும் மலர் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 30 பக்கத்துக்கு எழுதினால் 32 ஆகும், இரண்டு பக்கம் வெறுமையாக நிற்கும். முன்னட்டையில் படம், உள்ளே திதி வெண்பா, பஞ்சபுராணம் (ஐந்து திருமுறைப் பாடல்கள்), சிவபுராணம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, கடைசியில் நன்றி. கல்வெட்டு என்று அழைக்கப்பட்ட பழைய நினைவு மலர்களில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட புலம்பல் பாக்களை இப்போது இரண்டு பக்கத்துக்குள் அடக்குவதே வழக்கம்.

படம் 5 அங்குல அகலத்தில் வர வேண்டுமானால் 1500 பிக்சல் தேவை. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொக்கியுமென்ற்டாக அனுப்பச் சொல்லுங்கள். பழைய சிறிய படங்களை 600 டிபிஐயில் ஸ்கான் செய்யுங்கள். ஓரம்வரை நிறம் போகிற பக்கங்களில் வெட்டுக்கு 3 மில்லிமீற்றர் கூடுதலாக விடுங்கள்.

அதிகம் கெடுவது எழுத்துருதான். சித்தப்பா பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து தருவார், பேத்தி யூனிகோடில் தருவார். எல்லாவற்றையும் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பிறகு பக்கம் கட்டுங்கள். பக்கம் கட்டும் இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தெரிவுசெய்யாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அச்சகத்துக்கு எழுத்துரு உள்ளடக்கிய பிடிஎஃப் மட்டும் அனுப்புங்கள். முதியவர்கள் வாசிப்பதால் எழுத்து 13 புள்ளிக்குக் குறையக் கூடாது.

நல்லூரான்:
வம்சாவளிதான் சண்டை வரும் பக்கம். மச்சான் மச்சாள் கலியாணங்கள் உள்ள குடும்பத்தில் பெட்டியும் கோடுமாக வரைந்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். 1, 1.1, 1.1.1 என்று எண்ணிட்டு எழுதுங்கள், ஒரே ஆள் இரண்டு இடத்தில் வந்தால் எண்ணைச் சுட்டினால் முடிந்தது. தாய்வழியில் ஒருவர், தந்தைவழியில் ஒருவர் என இருவர் பிழை பார்க்கட்டும். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதி வேண்டாம். ஈழத்து நூல்களைச் சேகரிக்கும் நூலகம் என்ற இணையத்தளம் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறது, பிடிஎஃப்பின் ஒரு பிரதியை அங்கேயும் அனுப்பலாம்.