புதுப்பிப்பு: அம்மாவின் சி.டி. ஸ்கேன்

அம்மாவுக்கு நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் அக்குளிலும் நெறி கட்டியிருப்பதாக சி.டி. ரிப்போர்ட்டில் வந்ததே, புற்றுநோயா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இல்லை, காசநோய்.

தருமபுரியில் டாக்டர் படத்தையே திரையில் போட்டுக் காட்டினார். நீளம் முக்கியமில்லையாம், குறுக்களவுதான் கணக்கு. நெஞ்சுக்கூட்டுக்குள் பொதுவாக 10 மி.மீ. தாண்டினால் பெரிது, அம்மாவுக்கு 16. அக்குள் நெறியின் நடுவே கொழுப்பு தெரிந்தால் பெரும்பாலும் பயமில்லை. இங்கே அது தெரியவில்லை. மருந்து ஏற்றி எடுத்த படத்தில் நடு கறுத்து ஓரம் மட்டும் வெளுத்திருந்ததால் அப்போதே அவருக்குக் காசநோய் சந்தேகம். ஆனாலும் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் போகாமல், எளிதில் எட்டும் அக்குளிலேயே ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்தார்கள்.

மாத்திரை அரசே இலவசமாகத் தருகிறது, குறைந்தது 6 மாதம். பெரியம்மா உடனே தனித்தட்டு எடுத்து வைத்துவிட்டார்! நுரையீரலில் இல்லை, நெறியில் மட்டும்தான், அடுத்தவருக்குப் பரவாது என்று டாக்டரையே போனில் பேசவைத்தேன். தட்டு உள்ளே போய்விட்டது.