இரண்டரை மடங்கு விலைக்கு ஓலெட் டிவி: தகுமா, தகாதா?

புதுவரவு:
55 அங்குல டிவி வாங்க வேண்டும். ஒன்று சாதாரண எல்இடி 4கே. இன்னொன்று ஓலெட், விலை இரண்டரை மடங்கு. சோபாவிலிருந்து திரை வரை 3 மீட்டர். கூடத்தில் பெரிய ஜன்னல் உண்டு. பகலில் செய்தி, இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம். கூடுதல் பணம் கொடுக்கலாமா?

சிக்கனம்:
வேண்டாங்க. முதல்ல தூரக் கணக்கு. 55 அங்குலத் திரையோட அகலம் சுமார் 122 செ.மீ. அதை 4கேவோட 3840 பிக்சலா, அதாவது படம் போடுற புள்ளியா, வகுத்தா ஒண்ணு 0.32 மி.மீ. நல்ல பார்வைக்குப் பிரிஞ்சு தெரியறது ஒரு டிகிரியில 60-ல ஒரு பங்கு வரைக்கும்தான். அப்படின்னா 1.1 மீட்டர் தாண்டினாலே தனிப் பிக்சல் மறைஞ்சிடும். 2.2 மீட்டருக்கு அப்புறம் அகலத்துல பாதிப் பிக்சலே உள்ள ஃபுல் எச்டியையும் 4கேவையும் பிரிக்கவே சிரமம். நீங்க உட்காருறது 3 மீட்டர்ல.

கரும்புள்ளி:
கணக்கு சரி, ஆனால் அது இந்தக் கேள்விக்கான கணக்கு இல்லை. அவர் சொன்ன இரண்டுமே 4கேதான். கூடுதல் காசு போவது கான்ட்ராஸ்டுக்கு, அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதத்துக்கு. சாதாரண எல்இடியில் பேனலுக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கறுப்பு வேண்டிய இடத்தில் திரவப் படிகம் அதை மறைக்கப் பார்க்கும், முழுசாக மறைக்காது. திரவப் படிகப் பேனலில் இரண்டு வகை: ஐபிஎஸ்ஸில் அந்த விகிதம் சுமார் 1000:1, நல்ல விஏவில் 3000:1 முதல் 6000:1 வரை. ஓலெட்டில் அந்தப் பிக்சலே அணைந்துவிடுகிறது. விளக்கணைத்த அறையில் 3 மீட்டர் என்ன, 5 மீட்டரிலும் இந்த வித்தியாசம் தெரியும்.

இருட்டையும் பிரகாசத்தையும் அதிக வீச்சில் காட்டும் எச்டிஆரும் அப்படித்தான். 1000 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) உச்சத்துக்குத் தயாரித்த படத்தை 300 நிட் டிவி ஏற்றுக்கொள்ளும், பெட்டியில் எச்டிஆர் என்றும் அச்சடிப்பார்கள். ஆனால் நெருப்பு, சூரியன், விளக்கு எல்லாம் அமுங்கி ஒரே வெளுப்பாகிவிடும்.

சிக்கனம்:
இருட்டுல நீங்க சொல்றது உண்மைதான், மறுக்கலை. பகலைப் பேசுங்க. ஓலெட் சின்னப் பகுதியில 1000 நிட்டுக்கு மேலயும் போகும். திரை முழுக்க வெள்ளைன்னா பெரும்பாலான மாடல் 150 முதல் 300 நிட்டுக்கு இறங்கிடும். மின்சாரமும் சூடும் எல்லை தாண்டாம இருக்க டிவியே குறைச்சுக்குது. ஜன்னலுக்கு எதிரே வெளிச்சமான ஸ்டூடியோ காட்சி மங்கலாத்தான் தெரியும்.

அதோட செய்தின்னு சொல்றார். மூலையில சேனல் சின்னம், கீழே ஓடுற பட்டை. அந்த இடத்துப் பிக்சல் மட்டும் சீக்கிரம் தேஞ்சு நிழல் மாதிரி தழும்பு நிக்கும். பல உத்தரவாதங்கள்ல இது சேராது, வாங்குறதுக்கு முன்னாடி அந்தத் தாளைப் படிங்க.

இன்னொண்ணு: 3 மீட்டர்ல 55 அங்குலம் கண்ணுக்கு 23 டிகிரிதான் நிரப்பும். சினிமாவுக்கு 30 டிகிரி நல்லதுன்னு வெச்சா 75 அங்குலம் வேணும். மிச்சப் பணத்தை அளவுல போடுங்க. 65 அங்குலமே 55-ஐ விட பரப்பில 40 சதவீதம் பெருசு.

வோல்ட்மீட்டர்:
இரண்டு பேரும் நடுவில் இருக்கும் மினி எல்இடியை விட்டுவிட்டீர்கள். பின்விளக்கைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இருண்ட பகுதியை மட்டும் மங்கவைக்கும். பகல் வெளிச்சத்தில் ஓலெட்டை ஜெயிக்கும், தழும்புப் பயமும் கிடையாது. பெயரைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள், எத்தனை பகுதி என்று கேளுங்கள். நூற்றுச் சொச்சம் பகுதி என்றால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை சப்டைட்டிலைச் சுற்றி ஒளிவட்டம் கசியும். ஆயிரத்தைத் தாண்டினால் வெகுவாக அடங்கும்.

தழும்பு விஷயத்தில் ஒரு திருத்தம். அது ஒரே நாளில் வருவதில்லை, பல ஆயிரம் மணி நேரத்தில் சேர்ந்து வருவது. ஓலெட் டிவி ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது பிக்சல் தேய்மானத்தை அளந்து சரிசெய்யும். தினமும் சுவர் சுவிட்சை அணைக்கும் வீட்டில் இந்த வேலை நடக்கவே நடக்காது. ரிமோட்டில் மட்டும் அணைக்க வேண்டும்.

ஓலெட்டிலேயே இன்னொரு வகையான க்யூடி ஓலெட்டும் ஜன்னல் அறைக்கு ஒத்துவராது. அதில் வெளி வெளிச்சத்தின் பிரதிபலிப்பை அடக்கும் போலரைசர் படலம் இல்லாததால் அறை வெளிச்சம் திரையில் பட்டால் கறுப்பு வெளிறி, லேசாக ஊதா தட்டும்.

கரும்புள்ளி:
மினி எல்இடி பகலுக்கு நல்லது, ஏற்கிறேன். ஆனால் அதில் பெரும்பாலும் விஏ பேனல். ஓரத்து நாற்காலியிலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு இது சின்னக் குறை இல்லை.

சிக்கனம்:
ஓலெட்டுக்கும் அசைவுல ஒரு குறை இருக்கு. பிக்சல் உடனே மாறிடுறதால, 24 பிரேம் படத்துல கேமரா மெதுவா திரும்பும்போது காட்சி தடக் தடக்குன்னு நகரும். எல்இடி டிவியில இருக்கிற திரவப் படிகத்தோட மந்தமே அதைக் கொஞ்சம் மறைச்சிடும்.

கரும்புள்ளி:
உண்மை. மோஷன் அமைப்பில் ஜடர் (அந்தத் தடக் தடக்) குறைப்பைக் குறைந்த அளவில் வைத்தால் போதும். உச்சத்துக்கு ஏற்றினால் சினிமா சீரியல் மாதிரி வழுக்கும்.

புதுவரவு:
கடையில் எல்லாமே பளிச்சென்று ஒரே மாதிரி இருக்கிறது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வோல்ட்மீட்டர்:
கடையில் விவிட் மோடில் ஓடும், வெள்ளை நீலமடிக்கும். சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். மின்சேமிப்பை அணையுங்கள். பென் டிரைவில் இருட்டுக் காட்சி ஒன்று கொண்டுபோய் சப்டைட்டிலோடு ஓட்டுங்கள், நேரே நின்றும் பக்கவாட்டில் 45 டிகிரி தள்ளியும் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டுச் சேனலின் சாதாரண எச்டி காட்சி. முகத்தில் பட்டை பட்டையாக நிறம் பிரிந்தால் அந்த டிவியின் பிராசஸர் பலவீனம், அதற்குப் பேனல் எவ்வளவு உசத்தியானாலும் பயனில்லை. கேம் ஆடுவதாக இருந்தால் கேம் கருவியை வேகமாக இணைக்கும் எச்டிஎம்ஐ 2.1 துளை எத்தனை என்று எண்ணுங்கள். பல மாடல்களில் நான்கில் இரண்டுதான் இருக்கும், அதில் ஒன்றை சவுண்ட்பார் பிடித்துக்கொள்ளவும் கூடும்.

சிக்கனம்:
அந்த ஜன்னலுக்கு கனத்த திரைச்சீலை போட முடியும்னா ஓலெட் பக்கம் நானும் வரேன். முடியாதுன்னா 65 அங்குல மினி எல்இடிதான், இதுல நான் மாறலை.

கரும்புள்ளி:
செய்தி ஒரு மணி நேரம், படம் மூன்று மணி நேரம் என்றால் திரைச்சீலையே போடுங்கள் புதுவரவு.